படம் ஏற்றும் நிரலை ரிவியூ செய்வது எப்படி? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தென்காசி பக்கம் கல்லூரி முடித்துவிட்டு, ஊரை விட்டுப் போகாமல் இங்கேயே ஒரு மென்பொருள் ஆபீஸில் சேருகிறவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சீனியர் ஒருவர், "இந்தப் புல் ரிக்வெஸ்ட்டைக் கொஞ்சம் பாரு தம்பி" என்று ஒரு லிங்க்கை அனுப்பிவிடுவார். ஒருவர் செய்த நிரல் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று மற்றவர்களிடம் கொடுப்பதுதான் புல் ரிக்வெஸ்ட், அதைப் படித்துக் கருத்துச் சொல்வதுதான் ரிவியூ. திறந்தால் பச்சையும் சிவப்புமாக இருநூறு வரி. எங்கே தொடங்குவது, எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும் என்று ஒன்றும் பிடிபடாது. கடைசியில் "நல்லா இருக்கு" என்று எழுதி அப்ரூவ் கொடுத்துவிடுவார்கள்.

அந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன். எல்லா நிரலுக்கும் பொதுவாகச் சொல்லப் போவதில்லை. படத்தை ஃபைலிலிருந்தோ நெட்டிலிருந்தோ படித்து மெமரியில் ஏற்றும் நிரலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பார்க்க அது சின்ன வேலை. பாதையைக் கொடுத்தால் படம் வரும், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு வரியில் பல கேள்விகள் அடங்கியிருக்கின்றன. வந்தது என்ன பொருள், எந்த நிற வரிசை, அகலம் முதலா உயரம் முதலா, ஃபைல் கெட்டிருந்தால் என்ன ஆகும், மெமரியை யார் விடுவிப்பது? இதில் பாதியை, நிரலைக் கணினி ஓட்டும்படி மாற்றித் தரும் கம்பைலர் கண்டுபிடித்துத் தனக்குள் வைத்திருக்கும், உங்களுக்குச் சொல்லாது. மீதிப் பாதி கம்பைலருக்கே தெரியாது. இரண்டையும் படிக்கிறவர் கண்ணில் படும்படி வரியிலேயே கொண்டுவரச் சொல்வதுதான் இந்த இடத்தில் ரிவியூ செய்கிறவரின் வேலை.

உதாரணத்துக்கு ஒரு ஆப் வைத்துக்கொள்வோம். நாங்குநேரிப் பக்கம் இருக்கும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வருகிறவர்கள் எடுத்த படங்களைச் சேர்த்து, எந்தப் பறவை, எந்தத் தேதி என்று காட்டும் ஆப். போனில் எடுத்தது, பெரிய லென்ஸ் வைத்து எடுத்தது, வாட்ஸ்அப்பில் வந்து நசுங்கியது, ஸ்கிரீன்ஷாட் என்று எல்லாம் வந்து விழும். நிரல் வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எடிட்டரில் இருப்பதை வாய்விட்டுப் படித்தால் எப்படி இருக்குமோ அப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டைப் இன்ஃபரன்ஸ் பற்றி நாலு வரி

வேரியபிளின் டைப்பை, அதாவது அதில் இருப்பது என்ன வகை மதிப்பு என்பதை, நாம் எழுதாமல் விட்டால், சமக்குறிக்கு வலப்பக்கம் இருப்பதைப் பார்த்துக் கம்பைலரே முடிவு செய்வதுதான் டைப் இன்ஃபரன்ஸ். இந்த யோசனை பழையது. ராபின் மில்னர் என்ற கணினி அறிஞர் 1978-லேயே இதற்கு முறையான வழி எழுதினார். நாம் அன்றாடம் புழங்கும் மொழிகளுக்கு அது வந்துசேரத்தான் நாளானது. டைப்புக்குப் பதிலாக எழுதும் 'வார்' என்ற சொல் சி ஷார்ப்பில் 2007-ல் வந்தது, சி பிளஸ் பிளஸ்ஸில் 'ஆட்டோ' 2011-ல், ஜாவாவில் 'வார்' 2018-ல் பத்தாம் பதிப்பில். கோ, ரஸ்ட், காட்லின், ஸ்விஃப்ட் எல்லாம் பிறக்கும்போதே இதோடு பிறந்தவை. பைத்தான் கதை வேறு. அங்கே டைப் ஓடும்போதுதான் தெரியும். 2015-ல் வந்த 3.5 பதிப்பிலிருந்து டைப் குறிப்பு எழுதலாம், எழுதாமலும் விடலாம்.

டைப் எழுதவில்லை என்பதால் டைப் இல்லை என்று ஆகிவிடாது. சி ஷார்ப்பிலோ ஜாவாவிலோ 'வார்' போட்டாலும் டைப் கம்பைல் நேரத்திலேயே கெட்டியாக முடிவாகிவிடும். புதிதாக வருகிறவர்கள் பலர் 'வார்' என்றால் எதை வேண்டுமானாலும் போடலாம் என்று நினைக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட் பழகிவிட்டு வந்தால் அந்த எண்ணம் வருவது இயல்பு. அதை முதலில் விட்டுவிடுங்கள்.

படி 1: எடிட்டரைத் திறக்காமல் படியுங்கள்

எடிட்டரில் வேரியபிள் மேல் மவுஸை வைத்தால் டைப் தெரியும். ரிவியூ நடக்கும் பிரௌசர் பக்கத்தில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு சர்வர் லாக்கைப் பார்த்துக்கொண்டு போனில் நிரலைத் திறப்பவருக்கும் கிடையாது. அதனால் முதல் வாசிப்பைப் பிரௌசரிலேயே செய்யுங்கள். படம் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு வரியிலும் நின்று, "இது என்ன?" என்று கேளுங்கள். பதில் அந்த வரியிலேயே இருந்தால் மேலே போங்கள்.

வார் சிறுபடம் = நியூ பிட்மேப்(160, 120)

இங்கே பதில் இருக்கிறது: பிட்மேப், அதாவது மெமரியில் பிக்சல்களாக விரிந்த படம். 'பிட்மேப் சிறுபடம் = நியூ பிட்மேப்' என்று ஒரே சொல்லை இரண்டு தரம் எழுதினால் யாருக்கும் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. இதில் டைப் எழுதச் சொல்லிக் கமென்ட் போடாதீர்கள்.

வார் படம் = ஸ்டோர்.எடு(பறவைஎண்)

இங்கே நில்லுங்கள். வந்தது பைட்டுகளா, ஃபைல் பாதையா, ஏற்றி முடித்த பிட்மேப்பா, இனிமேல்தான் வரப்போகும் டாஸ்க்கா? 'படம்' என்ற பெயர் நாலுக்கும் பொருந்தும். நம் பக்கத்து ஆபீஸ்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

"அக்கா, கம்பைல் ஆகுதுல்லா? அப்புறம் என்ன?"

"கம்பைலருக்குத் தெரியுது, சரி. நாளைக்கு இதைப் படிக்க வாரவனுக்கும் தெரியணும்லா தம்பி."

அக்கா சொல்வது சரி. ஆனால் அதற்காக எல்லா இடத்திலும் 'வார்'-ஐ நீக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது. சரிசெய்ய இரண்டு வழி உண்டு. அந்த ஃபங்ஷன் நம் டீம் எழுதியது என்றால் அதன் பெயரை மாற்றச் சொல்லுங்கள். 'எடு' என்பது 'ஜேபெக்பைட்டுகளைப்படி' என்றோ 'பிட்மேப்பாகஏற்று' என்றோ ஆனால், அதைக் கூப்பிடும் எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் தெளிந்துவிடும். ஃபங்ஷன் வெளி லைப்ரரியுடையது என்றால் நாம் பெயர் மாற்ற முடியாது. அப்போது இடப்பக்கம் டைப்பை எழுதச் சொல்லுங்கள். நான் முதலில் பெயரைத்தான் பார்ப்பேன். டைப் எழுதினால் ஒரு வரிதான் தெளியும்.

படி 2: ஊகித்த டைப்பும் எழுதியவர் மனதில் இருந்த டைப்பும் ஒன்றுதானா?

இப்போது எடிட்டரைத் திறக்கலாம். சந்தேகமான வரிகளில் மவுஸை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் எதிர்பார்த்த டைப்தான் இருக்கும். இல்லாமல் போகும் இடங்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிறவை. அவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

ஒன்று, வேலை முடியும்வரை காத்திரு என்று சொல்லும் 'அவெய்ட்' விட்டுப்போவது. சி ஷார்ப்பில் 'வார் படம் = படத்தைஏற்றுஅசிங்க்(பாதை)' என்று எழுதினால் கையில் வருவது படம் கிடையாது, டாஸ்க். அடுத்த வரியில் அகலத்தைக் கேட்டால் கம்பைலர் கத்திவிடும். ஆனால் அடுத்த வரி 'படம் காலியா' என்று மட்டும் சோதித்தால் கத்தாது. டாஸ்க் எப்போதும் காலியாக இருக்காது, சோதனை எப்போதும் தேறிவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டில் பிராமிஸ் கதையும் இதேதான்.

இரண்டாவது, 'நல்', அதாவது மதிப்பே இல்லாத வெறுமை, வரக்கூடிய இடம். ஆண்ட்ராய்டில் பிட்மேப்ஃபேக்டரியின் டிகோட்ஃபைல், படத்தை அவிழ்க்க முடியாவிட்டால் 'நல்' கொடுக்கும். காட்லின் 'நல்' விஷயத்தில் கறாரான மொழிதான். ஆனால் ஜாவா பக்கத்திலிருந்து வரும் மதிப்பில் 'நல்' வருமா வராதா என்ற குறிப்பு இல்லையென்றால், காட்லின் அதை இரண்டும் இல்லாத நடுவாந்தர டைப்பாக எடுத்துக்கொண்டு சோதிக்காமல் விட்டுவிடும். இங்கே இடப்பக்கம் 'பிட்மேப்?' என்று கேள்விக்குறியோடு டைப்பை எழுதினால், அந்த நிமிஷத்திலிருந்து கம்பைலர் ஒவ்வொரு பயன்பாட்டையும் சோதிக்கத் தொடங்கும். படிக்கிறவருக்கு உதவுவது மட்டுமில்லாமல், நிரல் நடந்துகொள்ளும் விதத்தையே மாற்றுகிற டைப் இது. இப்படிப்பட்ட இடத்தில் தயங்காமல் கேளுங்கள்.

பைத்தானில், படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி லைப்ரரியின் ஐஎம்ரீட் ஃபங்ஷன் இன்னும் மோசம். ஃபைல் இல்லை, பாதை தப்பு, படம் கெட்டுவிட்டது, எதுவானாலும் எக்ஸெப்ஷன் வராது. 'நன்' என்ற வெறுமையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். பத்து வரி தள்ளி, படத்தின் அளவைச் சொல்லும் ஷேப்பைக் கேட்கும்போதுதான் நிரல் விழும், பிழைச்செய்தியில் ஃபைல் பெயர்கூட இருக்காது. தமிழில் ஃபைல் பெயர் வைக்கிற நமக்கு இதில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. விண்டோஸில் 'கூந்தன்குளம்' என்று தமிழில் பெயர் வைத்த படத்தை ஐஎம்ரீட் பல நேரம் திறக்காது. ஃபைல் கண்ணெதிரே இருக்கும், நிரல் இல்லை என்னும். எண் அரேக்களுக்கான நம்பை லைப்ரரியின் ஃப்ரம்ஃபைல் மூலம் பைட்டுகளைப் படித்து, ஐஎம்டிகோட் வழியாக ஏற்றினால் சரியாகும். எப்படியானாலும் ஐஎம்ரீட் வரிக்கு அடுத்த வரி 'நன்' சோதனையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அப்ரூவ் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, சி பிளஸ் பிளஸ்ஸில் 'ஆட்டோ' சத்தமில்லாமல் எடுக்கும் நகல். ஒரு ஃபங்ஷன் பிக்சல் வெக்டரை ரெஃபரன்ஸாக, அதாவது நகல் எடுக்காமல் அதையே சுட்டும்படி, திருப்பிக் கொடுக்கிறது என்று வையுங்கள்.

ஆட்டோ பிக்சல்கள் = படம்.பிக்சல்கள்()

வெறும் 'ஆட்டோ' ரெஃபரன்ஸைக் கழற்றிவிடும். மொத்தப் படமும் நகலாகும். 4000-க்கு 3000 என்ற சாதாரண போன் படமே, பிக்சலுக்கு நாலு பைட் வீதம் 4.8 கோடி பைட். வெறுமனே பார்ப்பதற்காக இவ்வளவையும் நகல் எடுக்க வேண்டாம். 'கான்ஸ்ட் ஆட்டோ &' என்று எழுதச் சொல்லுங்கள். இதற்கு நேர்மாறானது, ஓப்பன்சிவி படத்தை வைத்துக்கொள்ளும் மேட் டைப். 'ஆட்டோ புதியது = பழையது' என்று எழுதினால் பிக்சல்கள் நகலாகாது, இரண்டு பெயரும் ஒரே மெமரியைப் பிடித்துக்கொண்டிருக்கும். புதியதில் வட்டம் வரைந்தால் பழையதிலும் வட்டம் விழும். தனி நகல் வேண்டுமென்றால் குளோன் கூப்பிட வேண்டும். ஆக ஒரே மாதிரி தெரியும் இரண்டு 'ஆட்டோ' வரிகள், ஒன்று தேவையில்லாமல் நகல் எடுக்கிறது, மற்றது தேவையான நகலை எடுக்காமல் விடுகிறது. இரண்டு மேட்களைக் கூட்டி 'ஆட்டோ கலவை = அ + ஆ' என்று எழுதினாலோ வருவது மேட்டே கிடையாது, மேட்எக்ஸ்பிர் என்ற கணக்குச் சீட்டு. மேட்டாக மாற்றும்போதுதான் கணக்கு நடக்கும். அங்கே 'மேட் கலவை' என்று டைப்பை எழுதியே ஆக வேண்டும்.

நாலாவது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது.

வார் அளவு = அகலம் * உயரம் * 4

அகலமும் உயரமும் 'இன்ட்' என்றால் அளவும் 'இன்ட்'. 32 பிட் இன்ட்டின் உச்சம் 214 கோடியே சொச்சம். பல படங்களை ஒட்டி எடுத்த 30,000-க்கு 20,000 பனோரமா ஒன்று வந்தால் பெருக்கல் 240 கோடி. ஜாவாவில் அது சுற்றிக்கொண்டு எதிர்ம எண்ணாகிவிடும். இதைப் பார்த்ததும், "வார் வேண்டாம், லாங் என்று எழுது" என்று கமென்ட் போடத் தோன்றும். போட்டால் 'லாங் அளவு = அகலம் * உயரம் * 4' என்று திருத்தி அனுப்புவார்கள், தவறு அப்படியே இருக்கும். பெருக்கல் முதலில் இன்ட்டிலேயே நடந்து முடிந்து, கெட்டுப்போன விடைதான் லாங்குக்குள் போகும். பெருக்கப்படும் எண்களில் முதலாவதை லாங்காக மாற்றினால்தான் தீரும். இடப்பக்கம் டைப் எழுதியிருப்பது படிக்கிறவருக்குப் பொய்யான நிம்மதியைக் கொடுக்கும் இடம் இது. கண்ணை வலப்பக்கத்திலேயே வையுங்கள்.

படி 3: டைப்பில் எழுதவே முடியாததைத் தேடுங்கள்

எல்லா டைப்பையும் முழுசாக எழுதிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் படத்தைப் பற்றிய முக்கியமான விஷயங்கள் டைப்பில் இருக்காது. பொட்டலத்தில் 'அரைக் கிலோ' என்று மட்டும் எழுதியிருந்தால் உள்ளே அல்வாவா மிக்சரா என்று தெரியாதல்லவா, அந்த மாதிரி.

நிற வரிசையிலிருந்து தொடங்குவோம். ஓப்பன்சிவியின் ஐஎம்ரீட் நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் கொடுக்கும். பைத்தானின் இன்னொரு பட லைப்ரரியான பில்லோ சிவப்பு, பச்சை, நீலம் என்று கொடுக்கும். இரண்டையும் நம்பை அரேயாக மாற்றினால் டைப் ஒன்றுதான், பரிமாணம் ஒன்றுதான். ஒன்றில் ஏற்றி மற்றதில் சேமித்தால் எந்தச் சோதனையும் கத்தாது. சிவப்பும் நீலமும் மட்டும் இடம் மாறியிருக்கும்.

இது கண்ணுக்குத் தெரிந்துவிடுமே என்று நினைப்பீர்கள். எந்தப் படத்தை வைத்துப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அம்பாசமுத்திரம் பக்கத்து வயல் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறத்தின் அடுக்கும் ஒரு சேனல். பச்சை நடுச் சேனல், அது நகரவே நகராது. படம் ஏறக்குறையச் சரியாகத்தான் தெரியும். கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்தை எடுங்கள். உடம்பெல்லாம் சாம்பலும் வெள்ளையும். சாம்பல் நிறத்தில் சிவப்பும் நீலமும் கிட்டத்தட்டச் சமம், மாறினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பூநாரையின் படத்தைப் போடுங்கள். 240, 150, 160 என்றிருந்த இளஞ்சிவப்பு 160, 150, 240 ஆகி, பறவை ஊதாவும் நீலமுமாக நிற்கும். மனித முகமும் உடனே காட்டிக்கொடுக்கும். அதனால் "நான் ஒரு படம் போட்டுப் பார்த்தேன், சரியா வந்தது" என்று எழுதியவர் சொன்னால், எந்தப் படம் என்று கேளுங்கள்.

அடுத்தது அகலமும் உயரமும். பில்லோவில் சைஸ் கேட்டால் அகலம் முதலில் வரும். நம்பை அரேயின் ஷேப்பில் உயரம் முதலில். ஓப்பன்சிவிக்குள்ளேயே இந்த முரண் உண்டு. ஷேப் உயரத்தை முதலில் தரும், அதே லைப்ரரியின் ரீசைஸ் ஃபங்ஷனுக்கோ அகலத்தை முதலில் கொடுக்க வேண்டும். எல்லாம் வெறும் இன்ட். இரண்டு இன்ட்டை மாற்றிக் கொடுத்தால் எந்தக் கம்பைலரும் தடுக்காது. டெஸ்ட்டில் 100-க்கு 100 சதுரப் படம் போட்டிருந்தால் டெஸ்ட்டும் தடுக்காது. ரிவியூவில் சதுரமான சோதனைப் படத்தைக் கண்டால் மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் படத்தின் திசை. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் பல போன்களில் படுத்த வாக்கில்தான் சேமிக்கப்படும். 'இதைத் திருப்பிக் காட்டு' என்ற குறிப்பு மட்டும், ஃபைலோடு சேர்ந்து வரும் எக்ஸிஃப் தகவலில் இருக்கும். ஐஎம்ரீட் வழக்கமாக அந்தக் குறிப்பைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடும். பில்லோ தானாகத் திருப்பாது, எக்ஸிஃப்_டிரான்ஸ்போஸ் கூப்பிட வேண்டும். ஒரே ஃபைலை இரண்டு லைப்ரரியில் ஏற்றினால் அகலமும் உயரமும் மாறி வருவதற்கு இதுதான் காரணம்.

மதிப்பின் எல்லையும் பார்க்க வேண்டியது. 0 முதல் 255 வரையா, 0 முதல் 1 வரையா? பைத்தானில் 8 பிட் அரேயை 255-ஆல் வகுத்தவுடன் அது ஃப்ளோட் ஆகிவிடும். வேரியபிள் பெயர் மட்டும் 'படம்' என்றே தொடரும். ஒரே பெயர் ஃபங்ஷனின் மேல்பாதியில் ஒரு பொருளாகவும் கீழ்பாதியில் வேறு பொருளாகவும் இருப்பதைப் படிக்கிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? படத்தைப் பளிச்சென்று ஆக்க இரண்டு 8 பிட் அரேக்களைக் கூட்டும் வரியையும் உற்றுப் பாருங்கள். நம்பையில் 200 + 100 என்பது 300 ஆகாது, 255-லும் நிற்காது, சுற்றி 44 ஆகும். வெளிச்சமான இடம் இருண்டு போகும். ஓப்பன்சிவியின் ஆட் ஃபங்ஷன் 255-ல் நிறுத்தும்.

சேனல் எண்ணிக்கையில் எஸ்டிபி இமேஜ் என்ற சின்ன சி லைப்ரரியில் ஒரு பொறி இருக்கிறது. எஸ்டிபிஐ_லோட் ஃபங்ஷனிடம் "எனக்கு நாலு சேனல் வேண்டும்" என்று கேட்கலாம். பிக்சல்கள் நாலு சேனலாகவே வரும். ஆனால் கூடவே அது நிரப்பித் தரும் எண் ஃபைலில் எத்தனை இருந்தது என்பதைத்தான் சொல்லும். வண்ண ஜேபெக் என்றால் 3. அந்த 3-ஐ வைத்து வரிசை நீளத்தைக் கணக்கிட்டால் படம் சாய்ந்து கிழிந்த மாதிரி வரும். வேரியபிளுக்கு 'சேனல்கள்' என்று பெயர் வைக்காமல் 'ஃபைலில்_சேனல்கள்' என்று வைக்கச் சொன்னால் இந்தத் தவறை எழுதவே கை வராது.

தீர்வு என்று பார்த்தால், பெயர்தான் முதல் மருந்து. 'படம்_பிஜிஆர்' (நீலம், பச்சை, சிவப்பு வரிசை), 'படம்_0_1', 'உயரம்_அகலம்' என்று எழுதினால் வரி கொஞ்சம் நீளும், நீளட்டும். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் இரண்டு நிற வரிசைக்கும் தனித்தனி டைப் செய்துகொள்ளலாம். அப்போது மாற்றிக் கொடுத்தால் கம்பைலரே தடுக்கும், நீங்கள் எங்கே 'வார்' போட்டாலும் கவலையில்லை. சின்ன டீமுக்கு நான் சொல்வது இதைவிட எளிது. புராஜெக்ட்டில் படம் ஏற்ற ஒரே ஒரு ஃபங்ஷன்தான் இருக்க வேண்டும். திசை திருப்புவது, நிற வரிசையை ஒன்றாக்குவது, காலியா என்று பார்ப்பது எல்லாம் அதற்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். வேறெங்காவது ஐஎம்ரீட் தலைகாட்டினால் ரிவியூவில் ஏன் என்று கேளுங்கள்.

படி 4: திறந்ததை யார் மூடுகிறார்கள்?

சி ஷார்ப்பில் 'வார் படம் = இமேஜ்.ஃப்ரம்ஃபைல்(பாதை)' என்று எழுதினால், அந்தப் படத்தை டிஸ்போஸ் செய்து விடுவிக்கும்வரை ஃபைல் பூட்டிக்கிடக்கும். பயனர் அதே படத்தை அழிக்கப் போனால் முடியாது. வரியின் முன்னால், வேலை முடிந்ததும் தானே டிஸ்போஸ் செய்யும் 'யூஸிங்' இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எஸ்டிபி இமேஜில் 'ஆட்டோ பிக்சல்கள்' என்று எழுதியிருந்தால், கையில் இருப்பது வெறும் பாயின்டர், தானாக விடுவிக்காது என்பது தெரியாமல் போய்விடும். அங்கே டைப்பை எழுதுவதைவிட, வெளியேறும்போது தானே விடுவிக்கும் யூனிக் பாயின்டரில் போடச் சொல்வது மேல்.

பில்லோவின் ஓப்பன் படத்தின் தலைப்பகுதியை மட்டும் படித்துவிட்டு நிற்கும். பிக்சல்களை முதல்முறை தேவைப்படும்போதுதான் படிக்கும். அதனால் பாதியில் அறுந்த அப்லோட் ஓப்பனில் பிடிபடாது, வெகுதூரம் தள்ளி ரீசைஸில் போய் விழும். ஓப்பனைச் சுற்றி மட்டும் டிரை போட்டிருந்தால் அது பாதிப் பாதுகாப்புதான். அதற்குள்ளேயே லோட் கூப்பிடச் சொல்லுங்கள்.

படி 5: வேண்டாத ஃபைல், பெரிய ஃபைல்

இதில் அதிகம் சொல்ல இல்லை. ஃபைல் பெயரின் கடைசியில் என்ன இருக்கிறது என்பதை நம்ப வேண்டாம். பிஎன்ஜி ஃபைலின் முதல் நாலு பைட் 137, 80, 78, 71. ஜேபெக் 255, 216 என்று தொடங்கும். அதைப் பார்ப்பதே சரி. படத்தை முழுக்க ஏற்றுமுன் அளவை மட்டும் கேட்கும் வழி பெரும்பாலான லைப்ரரிகளில் உண்டு. ஆண்ட்ராய்டில் இன்ஜஸ்ட்டிகோட்பவுண்ட்ஸ். பில்லோ சுமார் 8.9 கோடி பிக்சலுக்கு மேல் போனால் எச்சரிக்கும், அதற்கு இரண்டு மடங்கைத் தாண்டினால் ஏற்ற மறுக்கும். அந்த வரம்பை யாராவது நீக்கியிருந்தால் காரணம் கேளுங்கள்.

சி ஷார்ப்பில் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும். ஃப்ரம்ஃபைல் புரியாத ஃபைலைக் கண்டால் 'அவுட் ஆஃப் மெமரி' எக்ஸெப்ஷனை எறியும். மெமரி தீரவில்லை, படம்தான் சரியில்லை. அதைப் பிடிக்கும் கேட்ச் வரிக்கு மேல் ஒரு கமென்ட் இல்லாவிட்டால், அடுத்து வருபவர் சர்வரில் மெமரி கூட்டப் போய்விடுவார்.

படி 6: கமென்ட்டை எழுதுங்கள்

டீக்கடையில் "என்னலே எழுதி வச்சிருக்க" என்று சொன்னால் நெல்லையில் யாரும் கோபிக்க மாட்டார்கள். எழுத்தில் அதே வாசகம் சுடும். குரலும் சிரிப்பும் எழுத்தில் போகாது. உங்களைவிட மூத்தவர் எழுதிய நிரலாக இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள், ஆனால் கேள்வியாகக் கேளுங்கள், உங்களுக்கு எங்கே தடுக்கியது என்பதைச் சொல்லுங்கள்.

"இங்கே வார் போடக் கூடாது" என்று எழுதினால் விவாதம் விருப்பு வெறுப்பாகிவிடும். "ஸ்டோர்.எடு பைட்டுகளைத் தருகிறதா, பிட்மேப்பைத் தருகிறதா என்று இந்த வரியில் எனக்குப் புரியவில்லை அண்ணே. ஃபங்ஷன் பெயரில் சேர்த்துவிடலாமா?" என்று எழுதினால் செய்ய வேண்டியது கையிலேயே இருக்கிறது. புதிதாக வந்தவருக்கு இதில் ஒரு பலம் உண்டு. உங்களுக்கு அந்த நிரல் பழக்கமில்லை. ஆகவே உங்களுக்குப் புரியவில்லை என்பதே அந்த வரி படிக்கக் கடினமாக இருக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி. பழகியவர்களுக்கு அது தெரியாது. அதை மறைத்துக்கொள்ள வேண்டாம்.

எது கட்டாயம், எது உங்கள் விருப்பம் என்று பிரித்துச் சொல்லுங்கள். 'நன்' சோதனை இல்லாதது கட்டாயம். பெருக்கல் நிரம்பி வழிவது கட்டாயம். பிட்மேப் என்று தெரிந்த இடத்தில் டைப் எழுதுவதா வேண்டாமா என்பது விருப்பம், முதல் வரியிலேயே 'விருப்பம்' என்று போட்டுவிடுங்கள், எழுதியவர் ஏற்காவிட்டால் விட்டுவிடுங்கள். ஒரே விருப்பச் சண்டை மூன்று புல் ரிக்வெஸ்ட்டில் வந்தால் டீமாக உட்கார்ந்து ஒரு முடிவெடுத்து, நிரலைச் சேர்த்து வைத்திருக்கும் ரெப்போவிலேயே ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிடுங்கள். பைத்தான் டீம் என்றால் ஃபங்ஷன் வாசலில் டைப் குறிப்பு கட்டாயம், உள்ளே இருக்கும் வேரியபிளுக்கு வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான சண்டை ஓய்ந்துவிடும். மைபை மாதிரி ஒரு சோதனைக் கருவியை ஓடவிட்டால் மனிதர்கள் அதைக் கண்காணிக்கவும் வேண்டாம்.

படி 7: சோதனைப் படங்களை ரெப்போவில் வையுங்கள்

நிரலைப் படித்தால் மட்டும் போதாது, ஓட்டியும் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன ஃபோல்டர் போதும். அதில் இருக்க வேண்டியவை: பூநாரையோ மனித முகமோ உள்ள ஒரு வண்ணப்படம். சதுரமாக இல்லாத, போனை நிமிர்த்தி எடுத்த ஒரு படம், எக்ஸிஃப் குறிப்போடு. பின்னணி இல்லாத ஒரு பிஎன்ஜி, ஒளிபுகும் அளவைச் சொல்லும் ஆல்ஃபா சேனலைப் பார்க்க. ஒரு கறுப்பு வெள்ளைப் படம், ஏனென்றால் பில்லோ வழியாக வந்தால் அரேயில் மூன்றாவது பரிமாணமே இருக்காது, உயரம், அகலம், சேனல் மூன்றையும் பிரித்தெடுக்கும் வரி அங்கே விழும். நிறங்களை எண்ணாகச் சேமிக்கும் பேலட் வகைப் பிஎன்ஜி ஒன்று, அதை நேராக அரேயாக மாற்றினால் நிறத்துக்குப் பதில் அட்டவணை எண்கள்தான் வரும். பாதியில் வெட்டிய ஒரு ஜேபெக். பெயரை மட்டும் மாற்றிய ஒரு டெக்ஸ்ட் ஃபைல். தமிழில் பெயர் வைத்த ஒரு படம். வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் எக்ஸிஃப் தகவல் பெரும்பாலும் உரிந்து போயிருக்கும் என்பதால் அதிலும் ஒன்று.

படங்களை இணையத்திலிருந்து எடுத்துப் போடாதீர்கள், காப்புரிமைச் சிக்கல் வரும். நீங்களே எடுங்கள், ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது. எடுத்ததில் இடத்தின் ஜிபிஎஸ் தகவல் இருந்தால், ரெப்போவில் சேர்க்குமுன் அதை மட்டும் நீக்கிவிடுங்கள். திசைக் குறிப்பு அப்படியே இருக்கட்டும். யாராவது முகம் தெரிந்தால் அவரிடம் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.